தடுப்பரணில் கல் இருக்கிறது, தெருவில் பள்ளம் எங்கே?

நான்கு மாதம் உட்கார்ந்து பாவிய பாரிஸ் தெருவைப் போன ஞாயிற்றுக்கிழமை கத்தியை விட்டுப் பெயர்த்துவிட்டேன். வயிறு எரிந்தது. ஆனால் பெயர்த்த பிறகுதான் அது 1848 ஜூன் மாதத் தொழிலாளர் கிளர்ச்சியின் தெருவாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

1/72 அளவில் செய்துகொண்டிருக்கும் டயோரமா (ஒரு காட்சியின் குட்டி மாதிரி) இது. 1848 ஜூன் 25 அன்று திபோ என்பவர் உயரத்திலிருந்து எடுத்த டாகுரோடைப் என்னும் அக்காலப் புகைப்படம்தான் ஆதாரம். சேன்-மோர் தெருவுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்பரண்கள், படை நுழையாதபடி கிளர்ச்சிக்காரர்கள் தெருக்கல்லைக் குவித்துக் கட்டியவை. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மறுநாள் அரசுத் தளபதி லாமோரிசியேரின் படை தாக்கிய பின் அதே இடத்தை மீண்டும் எடுத்திருக்கிறார். அதில் கூட்டம். நான் முதல் படத்தைத் தேர்ந்தெடுத்தது கலையுணர்வால் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் இரண்டு சென்டிமீட்டர் பொம்மைக்குச் சாயம் பூச இப்போது கண் ஒத்துழைப்பதில்லை.

வீடுகள் ஃபோம் போர்டு, சன்னல் சட்டங்கள் பால்சா என்னும் லேசான மரம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, பால்சா அனுப்பிய கடைக்காரரைத் தவிர. மழைக்காலத்தில் வந்த பொட்டலத்தைப் பிரித்தால் பலகைகள் வறுத்த அப்பளம்போல் நெளிந்திருந்தன. திருப்பி எடுக்க முடியாதாம்.

கல்தான் கதை. அந்தக் காலத்துப் பாரிஸ் தெருக்கல் ஏறக்குறைய ஒரு சாண் சதுரம். 20 செ.மீ. என்று வைத்தால் என் அளவில் 2.8 மி.மீ. முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துப் பார்த்தேன். மோன்மார்த் குன்றின் ஜிப்சத்தால் பெயர் பெற்ற சரக்கு, பாரிஸ் தெருவுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது என்று ஆசை. விளிம்பெல்லாம் பொடியாக உதிர்ந்தது. பிறகு காற்றில் உலரும் களிமண்ணுக்கு மாறினேன். இரண்டு குச்சிகளுக்கு நடுவே 3 மி.மீ. கனத்தில் தேய்த்துவிட்டால், உலர்ந்து சுருங்கும்போது சரியாக 2.8-க்கு வந்து நிற்கும்.

வெட்டும் நேரத்தில்தான் சூட்சுமம். ஈரமாக இருந்தால் பிளேடோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்துவிட்டால் வெடிக்கும். தொட்டால் காதுமடல்போல் குளிர்ந்து, ஆனால் ரேகை பதியாமல் இருக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து ஏமாற்றும், அதனால் புழுக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்டிக் காய்ந்த கற்களைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெருமணலோடு போட்டு இரண்டு நிமிடம் குலுக்கினால் கூர்முனைகள் மழுங்கி, வண்டிச் சக்கரம் தேய்த்த கல்லாகிவிடும். இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது, யாரும் பங்கு கேட்க வேண்டாம்.

அப்படி 1,200 கற்களைக் குவித்து முதல் தடுப்பரணைக் கட்டி முடித்தேன். ரயில் மாதிரிகள் செய்யும் நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்தக் கல்லெல்லாம் லாரியில் வந்து இறங்கியதா சார்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 1848-இல் வேலையில்லாதவர்களுக்கு அரசு வேலை கொடுத்த தேசியப் பட்டறைகளில் இருந்த மணமாகாத இளைஞர்கள் பட்டாளத்தில் சேர வேண்டும், மற்றவர்கள் வெளிமாகாணங்களுக்குப் போக வேண்டும் என்று ஜூன் 21-இல் உத்தரவு. பிப்ரவரிப் புரட்சியில் மன்னர் லூயி பிலிப் ஓடிய கையோடு, வேலை பெறும் உரிமை என்று உறுதி சொல்லித் திறந்த பட்டறைகள் அவை. 23-ஆம் தேதி தெருக்கள் எழுந்துவிட்டன. லாரிக்கு அவர்கள் எங்கே போவார்கள்? காலடியில் இருந்ததைத்தான் தோண்டினார்கள். என் தெருவோ ஒரு கல் குறையாமல் பளபளவென்று கிடந்தது.

கணக்குப் போட்டேன். என் தெருவின் அகலம் 14 செ.மீ., வரிசைக்கு 50 கல். 1,200 கல் என்றால் 24 வரிசை. நிஜத்தில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளத்துக்குத் தெருவே இருக்கக் கூடாது. கல் ஒன்றின் எடை உத்தேசமாக 18 கிலோ வருகிறது. ஒருவர் தூக்கி அடுத்தவர் கையில் கொடுக்கும் எடைதான். தூக்கித் திரிய வேண்டியதில்லை என்பதால் பள்ளத்தைத் தடுப்பரணை ஒட்டியே, கிளர்ச்சிக்காரர்கள் பக்கமாக வைத்தேன். அடியில் தெரிய வேண்டிய மணலுக்கு ஆற்றுமணல் சரிப்படவில்லை, இந்த அளவில் ஒவ்வொரு பருக்கையும் கூழாங்கல். கல்மாவுக் கோலப்பொடியில் கொஞ்சம் காவி கலந்து, நீர்த்த பசையால் பிடிக்க வைத்தேன். அச்சு அசல்.

கவிழ்ந்த ஓம்னிபஸ் (குதிரை பூட்டிய பயணிகள் வண்டி) ஒன்றும் வைக்க ஆசை. அதன் சக்கர ஆரங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பொருளைவிட அஞ்சல் கட்டணம் அதிகம் என்பதால் ஈர்க்குச்சியில் முயன்றுகொண்டிருக்கிறேன். இதற்குள் அடுத்த டயோரமாவும் மனதில் ஓடுகிறது. 1853-க்குப் பிறகு, பாரிஸை இடித்துப் புதுப்பித்த அதிகாரி ஓஸ்மான் திறந்த அகலமான பெருவீதி. அங்கெல்லாம் கல்லுக்குப் பதில் மெக்காடம் என்னும் இறுக்கிய சரளை பரப்பினார்கள். சரளையைக் குவித்துத் தடுப்பரண் கட்ட முடியாது என்று அரசுக்குத் தெரியும். எனக்கும் அது வசதி, அரை மணி நேரத்தில் தூவி முடித்துவிடலாம்.

முதலில் இதை முடிக்க வேண்டும். பெயர்த்த கற்களில் உடையாதவை ஒரு டப்பா நிறைய மிஞ்சியிருக்கின்றன. அவற்றை வைத்து இரண்டாவது தடுப்பரணைக் கட்டலாம். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு பள்ளம் வெட்ட வேண்டும். அந்தப் பள்ளத்திலிருந்து இன்னொரு டப்பா கல் வரும். திபோவின் படத்தில் இத்தனை தடுப்பரண்கள் வரிசையாக நிற்பது ஏன் என்று இப்போது லேசாகப் புரிகிறது.