ஓலைப்பெட்டி முடையப் பழகுகிறேன்: நான்காவது மாதம்

பங்குனியில் ஆரம்பித்தேன், இப்போது ஆடி. இதுவரை ஐந்து பெட்டிகள் முடிந்திருக்கின்றன. ஆறாவதற்கு ஓலை நனைந்துகொண்டிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். செம்மண் தேரி மணல்மேடுகளையும் பனையையும் பார்த்து வளர்ந்தவள். வேலைக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் ஓலையைக் கையால் தொட்டதே இல்லை. இந்த வருஷம் தை மாதம், நான் வெகுநாளாகப் பார்த்துவந்த கணக்கு வேலையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். "நீங்க சும்மாதான இருக்கீங்க, அவருக்குச் சொல்லிக் குடுங்க" என்றார்கள். அந்தச் 'சும்மா' நெஞ்சில் தைத்துவிட்டது. ராத்திரி படுத்தால், அப்போது என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள்ளேயே வாதாடிக்கொண்டு கிடப்பேன். மணி இரண்டாகிவிடும்.

பங்குனி உத்திரத்துக்கு ஊர்ச் சாஸ்தா கோயிலுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்காமல் நாலு ஓலையை என் கையில் கொடுத்தார். பாளையங்கோட்டைக்குத் திரும்பும்போது ஒரு கட்டுக் குருத்தோலையோடு வந்தேன்.

முதல் பெட்டியில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உதவும். குருத்து வாட்டமில்லாமல் பளபளவென்று இருக்கிறதே என்று காயவைக்காமல் அப்படியே முடைந்துவிட்டேன். அன்றைக்குப் பார்க்க அவ்வளவு அழகு. ஒரு வாரத்தில் ஓலை காய்ந்து சுருங்கி, கண்ணுக்குக் கண் இடைவெளி விழுந்து பெட்டி தொளதொளத்துப் போனது. முதலில் வெயிலில் நன்றாகக் காயவேண்டும். பிறகு ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, முடைவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். ஊறவும் விடக்கூடாது, வளையும் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். ஒரு மரத்தில் குருத்தைக் கண்டபடி வெட்டினால் மரம் தளர்ந்துவிடும். பனையேறுகிறவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அதனால் வீணாகப் போன ஒவ்வொரு ஓலைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாவது பெட்டி ஓரளவு வந்தது. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மைனி மட்டும், "வித்தா எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டிருந்தாள். தப்பான கேள்வியே இல்லை, ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. ஆனால் எனக்கு மறுபடியும் அந்தச் 'சும்மா'தான் கேட்டது. ஓலைக்கட்டைப் பரணில் போட்டுவிட்டுப் பதினைந்து நாள் தொடவில்லை.

வைகாசியில் ஊருக்குப் போனபோது அந்தப் பெட்டியையும் எடுத்துப்போனேன். ஆச்சி அதன் பக்கவாட்டைப் பார்க்கவில்லை, வாயைப் பார்க்கவில்லை. கவிழ்த்து அடியைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தி, "மூணாவது ஓலைய இழுக்காம வுட்டுருக்க. பிரிச்சுருவோமா மக்கா?" என்றார். சரி என்றேன். முதலில் வாயைப் பிரித்தார், அப்புறம் மூலைகளை, கடைசியில் அடியை. ஒரு ஓலைகூட ஒடியவில்லை. முகத்தில் சலிப்பும் இல்லை. பிரித்ததை ஈரத்துணியில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு, "ஓலை நல்ல ஓலை. கைதான் பழகணும்" என்றார். அன்று சாயங்காலம் அதே ஓலைகளில் திரும்ப முடைந்தேன். ஒரு தப்பைத் திட்டாமலும் திருத்த முடியும் என்று நாற்பத்துமூன்று வயதில் கண்ணால் பார்த்தேன். நான் என்னை ஒருநாளும் அப்படித் திருத்திக்கொண்டதில்லை.

அதிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம். அடி முடையும்போது ஒன்று மேலே, ஒன்று கீழே என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். நினைப்பு எங்கேயாவது போனால் கண் தவறிவிடும், ஆகவே அலுவலகத்து வாதாட்டத்துக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. மூலை திருப்புகிற இடத்தில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறேன். அந்த வருத்தம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒருநாள் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் நாலு ஓலை கிழித்துவிட்டு வந்து படுத்தேன், தூங்கிவிட்டேன்.

மூன்றாவது, நான்காவது பெட்டிகளை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பவில்லை. ஒன்றில் கருப்பட்டி இருக்கிறது. இன்னொன்றை மகள் தன் பேனாக்களுக்கு எடுத்துக்கொண்டாள், கேட்கக்கூட இல்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாவது, மூடிபோட்ட பெட்டி. மூடியும் அடியும் ஒரே அளவில் வந்துவிட்டதால் மூடி அடியின் மேல் இறங்கவில்லை. மூடி ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும். அடியை வைத்துக்கொண்டு மூடியை மட்டும் நேற்று பிரித்தேன். ஒரு ஓலைதான் ஒடிந்தது.