பினாங்கில் ஒரு பகல்: கப்பல் ஏறப்போகும் ஊர்க்காரர்களுக்கு

பினாங்கைப் பற்றிப் பேசாத வீடு செட்டிநாட்டில் குறைவு. பினாங்கைக் கண்ணால் பார்த்த ஆச்சிமார் இருந்த வீடு அதைவிடக் குறைவு. எங்கள் வளவில் அய்யாவும் அவருக்கு முந்தியவர்களும் அங்கே போய் வந்தவர்கள்தான். வட்டிக்கடையில் மூன்று வருஷக் கணக்குக்குப் போவது, கணக்கை முடித்துக்கொண்டு திரும்புவது, ஊரில் சில மாதம் இருந்து கல்யாணம் காட்சி பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குக் கிளம்புவது என்றே அவர்கள் ஆயுசு ஓடியது. நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறினால் இறங்குவது பினாங்கில். ஆச்சிமார் பர்மாத் தேக்குத் தூண்களுக்குக் காவலாக இங்கேயே இருந்தார்கள். திரும்பி வந்தவர்களிடம் வரவு கேட்டார்கள், வட்டி கேட்டார்கள், ரப்பர் தோட்டம் என்ன விலைக்குப் போகிறது என்றுகூடக் கேட்டார்கள். அந்த ஊர்த் தெரு எப்படி இருக்கும், அங்கே மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாராவது கேட்டதாக எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை.

நான் போனது வேறு கணக்கு. வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. சாமான்களோடு நானும் போனேன். வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டி, மின்சாரத்துக்குத் தனியாக ஒரு முன்பணம் கட்டி, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் மழைக்காலம் வந்துவிட்டது. அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க எனக்கு வராது. ரேபிட் பினாங்கு பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தமான ஜெட்டி என்ற படகுத்துறையில் இறங்கி, கால் போன போக்கில் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனைச் சுற்றுவேன். அந்த ஊர் எனக்கு ஒட்டியது அப்படித்தான்.

இப்போது விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருக்கிறேன். வளவில் உட்கார முடியவில்லை. சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்புகிற சொகுசுக் கப்பலுக்கு உறவில் ஒரு கூட்டமே சீட்டுப் போட்டிருக்கிறது. “பசியாறியாச்சா?” என்று ஆரம்பித்து, “பினாங்கிலே இறங்கினா எந்த வண்டியிலே ஏறணும்?” என்று முடிக்கிறார்கள். எந்த வண்டியிலும் ஏற வேண்டாம் என்றேன். அயித்தைக்கு நம்பிக்கை வரவில்லை. “துறைமுகம்னா ஊருக்கு வெளியிலதானே இருக்கும்?”

பல ஊர்களில் அப்படித்தான். கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பினாங்கில் கப்பல் கட்டும் ஸ்வெட்டன்ஹாம் துறை, யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. வாசலில் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கொடிமலை, பாம்புக்கோயில் என்று படம் காட்டுவார்கள். சிரித்துக்கொண்டே தாண்டிப் போங்கள். கப்பல் நிற்பது ஒரு பகல். அதில் பாதியை வேனுக்குள் கழிப்பதா?

வெளியே வந்ததும் கண்ணில் படுவது மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷமானதற்காகச் செயா சென் இயோக் என்ற சீன வணிகர் கட்டிக்கொடுத்தது; வருஷத்துக்கு ஒரு அடி என்று 60 அடி உயரம். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. பிரான்சிஸ் லைட் 1786இல் கெடா சுல்தானிடமிருந்து தீவை வாங்கி பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய இடம். சுல்தானுக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன வாக்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி காப்பாற்றவில்லை என்பது தனிக் கதை. கோட்டைக்குள் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பது என் கட்சி. நிழல் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும்.

நிழல் தெருவில்தான் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை, வரிசையாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொடர்ந்து போகும். காக்கி லீமா என்பார்கள். நம் வீட்டுத் திண்ணைகளின் இடைச்சுவர்களை எல்லாம் இடித்துவிட்டு ஊருக்குப் பொதுவாக விட்டது மாதிரி இருக்கும். மழையிலும் நடக்கலாம், வெயிலிலும் நடக்கலாம். ஒரே சங்கடம், கடைக்குக் கடை மட்டம் மாறும். ஒரு படி ஏறும், இரண்டு படி இறங்கும், நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். முட்டிவலிக்காரர்கள் அண்ணாந்து பார்க்காமல் குனிந்து பார்த்து நடப்பது நல்லது.

லெபு பந்தாய் (லெபு என்றால் தெரு) வழியே தெற்கே போனால் பெரிய பெரிய வங்கிக் கட்டடங்கள். லெபு பாசாரில் வலதுபக்கம் திரும்பியதும் காதில் தமிழ்ப்பாட்டு விழும். மல்லிகைப்பூ, சாம்பிராணி, புடவைக்கடை. லிட்டில் இந்தியா. நம் ஆட்கள் இங்கே வந்ததும் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி பரவசப்பட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம்.

லெபு பினாங்குக்கு மட்டும் எல்லாரும் கட்டாயம் போக வேண்டும். நம் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. கிட்டங்கி என்றால் நீளமான ஒரே கூடம். பல மார்க்காக்காரர்கள், அதாவது பல வட்டிக்கடைக்காரர்கள், அதைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆளுக்கு ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. பகலில் தரையில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லாருக்கும் அதே கூரைதான். இங்கே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கிற வீடுகளுக்குப் பணம் அனுப்பியவர்கள் அங்கே ஒரு பாயின் அகலத்தில் இருந்தார்கள். அந்தத் தெருவில் நின்று பார்த்தபோதுதான் அய்யா ஏன் ஊருக்கு வந்தாலும் தலைமாட்டில் பெட்டியை வைத்தே தூங்கினார் என்று எனக்குப் பிடிபட்டது.

அதே தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும். 1894இல் இதே காரைக்குடியில் செய்து கப்பலேற்றிய ரதம். தண்ணீர்மலை நகரத்தார் கோவில் வரை போகும். வழிநெடுக விடலைத் தேங்காய் மலைமலையாகக் குவித்து உடைப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்களும் நிறைய. தண்ணீர்மலை துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. போய்த்தான் தீர வேண்டும் என்பவர்கள் கைப்பேசிச் செயலியில் கிராப் வண்டி கூப்பிட்டுக்கொள்ளலாம். நடை திறக்கும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள், மத்தியானம் போய்ப் பூட்டிய கதவைக் கும்பிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

இப்போது சாப்பாடு. நம்மவர்கள் அந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் வட்டிக்கடை நடத்தியும் அந்த ஊர்ச் சாப்பாட்டில் நம் கை படவே இல்லை. கிட்டங்கியில் பொதுச் சமையல். சமைப்பவர் ஊரிலிருந்து போன ஆள். மிளகாயும் புளியும் இங்கே தின்றது போலவே. கதவுக்கு உள்ளேயே சமைத்து உள்ளேயே சாப்பிட்டு, மூன்று வருஷத்தில் கிளம்பிவிட்டார்கள். தெருவில் நின்று ஊருக்கே சோறு போட்டவர்கள் கடையநல்லூர், தென்காசி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். தோளில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் கூடை, ஒன்றில் சோறு, மற்றதில் குழம்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு அவர்கள் விற்ற சோறுதான் நாசி கண்டார். இன்று மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிற ஒரே சாப்பாடு அது. பினாங்கில் தமிழ்ச் சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால், லிட்டில் இந்தியாவின் வாழையிலைச் சோற்றுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

வரிசையில் போய்த் தட்டை வாங்கினால் சோறு வைப்பார்கள். பிறகு எதிரே இருப்பதைக் கைகாட்ட வேண்டியது: கோழிப் பொரியல், மாட்டுக்கறி, கணவாய், மீன்தலை, வெண்டைக்காய், முட்டை. வேண்டாததை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கை வேகமாக ஓடும். கடைசியில் “பஞ்சிர்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை முக்கிவிடுவார்கள். அயித்தை முகம் சுளித்தார். “மீன் கொழம்பையும் கோழிக் கொழம்பையும் ஒண்ணா ஊத்துவாகளா?” ஊற்றத்தான் செய்வார்கள். நானும் முதலில் தனித்தனியாகக் கேட்டு வாங்கினேன். ருசி அந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மீன்தலைக்கும் பெரிய இறாலுக்கும் விலையை முன்னாலேயே கேளுங்கள். தட்டில் விழுந்தபிறகு கேட்டுப் பயன் இல்லை.

தேநீரில் ஒரு எச்சரிக்கை. தே தாரிக் என்று கேட்டால் கெட்டிப்பாலின் இனிப்போடு வரும், நுரை அழகாக இருக்கும், சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. “தே ஓ கோசோங்” என்றால் பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் வரும். எங்கள் பக்கத்து வளவு அண்ணன் இதை மட்டும் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

சீனக் கடைகளில் சார் குவே தியாவ் என்று தட்டையான அரிசி நூடுல்ஸைப் பெரிய இரும்புச் சட்டியில் அனல் பறக்க வதக்கித் தருவார்கள். இறாலும் சிப்பியும் போடுவார்கள். பல கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். ஆகாதவர்கள் ஹலால் பலகை தொங்கும் கடையாகப் பார்த்துப் போகலாம். எனக்குப் பிடித்தது அசாம் லக்சா. மீனை உதிர்த்துப் போட்ட புளிச்சாறு, அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசித் துண்டு, வெங்காயம், கரண்டி நிறைய இறால் விழுது. முதல் வாய் வினோதமாக இருக்கும். புளிக்குப் பழகிய நாக்கு என்பதால் மூன்றாம் வாயில் நாம் சமாதானமாகிவிடுவோம். வெயில் ஏறியதும் பினாங்கு ரோட்டுப் பக்கம் லெபு கெங் குவீயில் செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சைச் சேமியா போல ஒன்று, சிவப்புப் பயறு, பனித்தூள். அங்கே நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டியிருக்கும். கந்தரப்பம் சுடுகிற நம் ஆச்சிமாருக்கு அந்தப் பாகின் மணம் ஒன்றே போதும்.

விரதக்காரர்களுக்குக் கவலை வேண்டாம். லிட்டில் இந்தியாவில் சைவக்கடைகள் இருக்கின்றன. லெபு குவீனில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே சாப்பிடப் போகலாம். கோவிலிலிருந்து சற்று நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்; காதர் மைதீன் என்ற தமிழ் வணிகரின் முயற்சியில் 1801இல் தொடங்கியது. அதே சாலையில் மேலே போனால் சீனர்களின் குவான் யின் கோவில், அதையும் தாண்டினால் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நாலும் ஒரே நடையில் முடிந்துவிடும். சுவர் ஓவியம் பார்க்க ஆர்மேனியன் தெருவுக்குப் பிள்ளைகள் இழுப்பார்கள். எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெரியவர்கள் எதிர்க்கடையில் காபி குடிக்கலாம்.

நேரம் மிஞ்சினால் கடலோரமாகச் சூ ஜெட்டி வரை போங்கள். கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகைப் பாதையின் இருபுறமும் வீடுகள். சூ என்ற ஒரே வம்சத்தார் தலைமுறையாகக் குடியிருக்கும் இடம். நம் ஊரில் வெள்ளைக்காரர்கள் வந்து கேட்காமலே முகப்பைத் தாண்டி நுழைந்து கேமராவைத் தூக்கும்போது நமக்கு எப்படி இருக்கிறதோ, அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள்.

கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். புக்கெட் நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி ஒன்று காட்டும், கப்பல் ஒன்று சொல்லும். திரும்பும் வழியில் வாங்குவதென்றால் ஜாதிக்காய். அதன் பழச்சதையைச் சர்க்கரையில் ஊறப்போட்டு உலர்த்தி விற்பார்கள், நம் ஊரில் கிடைக்காது. பருப்புப் பூரணம் வைத்த தௌ சார் பியா பிஸ்கட்டும் ஊர் வந்து சேரும் வரை கெடாது. பெலாச்சான் என்ற இறால் கட்டியை மட்டும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கப்பல் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். “பொட்டியை எத்தனை சுத்துச் சுத்தினாலும் வாடை வருமோ?” என்றார் அயித்தை. வரும்.