ஹூஸ்டன், ஃபிஃப்த் வார்டு: ஜோ சாம்பிளின் பேட்டை

ஹூஸ்டன் போகிறவர்கள் பெரும்பாலும் நாசா மையத்தைப் பார்க்கத்தான் போவார்கள். எனக்கு அந்த ஊர் என்றாலே ஜாஸ் பியானோ கலைஞர் ஜோ சாம்பிள்தான். 1939-இல் அங்கே பிறந்தவர். 2014 செப்டம்பர் 12 அன்று, 75 வயதில், அங்கேயே புற்றுநோயால் இறந்தார். நடுவே பல பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் வாசித்து உலகப்புகழ் பெற்றாலும், கடைசியில் சொந்த ஊருக்கே வந்துவிட்டார். அவர் வளர்ந்த தெருக்களைப் பார்க்க வேண்டும், அவரைக் கேட்டு வளர்ந்தவர்களோடு பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஃபிஃப்த் வார்டு நகர மையத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறிய பகுதி. 1920-களில் லூசியானாவிலிருந்து வந்த, பிரெஞ்சு மரபும் ஆப்பிரிக்க மரபும் கலந்த கிரியோல் மக்கள் இதன் ஒரு மூலையில் ஃப்ரெஞ்ச்டவுனை உருவாக்கினார்கள். பின்னால் வந்த நெடுஞ்சாலைகள் பேட்டையை வெட்டிக் கூறு போட்டுவிட்டன. தலைக்கு மேல் லாரிகள் இரைகின்றன. கீழே பாதி மனைகள் புல் மண்டிக் கிடக்கின்றன. செப்டம்பர் வெயிலும் புழுக்கமும் சென்னையேதான். லயன்ஸ் அவென்யூவில் புதுப்பித்து நிற்கும் டிலக்ஸ் தியேட்டரைப் பார்த்தபோதுதான் இந்தத் தெருவின் பழைய பவிசு கொஞ்சம் புரிந்தது.

ஃபிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியின் பெயரைச் சொல்லாமல் சாம்பிளைப் பற்றிப் பேச முடியாது. டிரம்ஸ் வாசித்த ஸ்டிக்ஸ் ஹூப்பரும் சாக்ஸபோன் வாசித்த வில்டன் ஃபெல்டரும் அவரும் அங்கேதான் சேர்ந்தார்கள். பிறகு டிராம்போனோடு வெய்ன் ஹெண்டர்சன் வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் போய் ஜாஸ் க்ரூசேடர்ஸ் என்ற குழு ஆனார்கள். 1971-இல் பெயரிலிருந்து ‘ஜாஸ்’ என்பதை எடுத்துவிட்டு, தாளக்கட்டு தூக்கலான ஃபங்க் இசையின் பக்கம் சாய்ந்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொன்ன ஜாஸ் ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. தேவாலயமும் ப்ளூஸும் அக்கார்டியன் நடனமும் ஒரே தெருவில் ஒலித்த பேட்டைக்காரர்கள் அவர்கள். ஃபங்க் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கே அல்ல.

மதியம் கம்போ என்ற லூசியானாக் குழம்பு சாப்பிட நுழைந்த கடையில், பக்கத்து மேசையில் ஒரு பாட்டி. எதற்காக வந்தேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “ஜோவுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உலகம் கொண்டாடிய பியானோ பாட்டுகளைவிட, கடைசிக் காலத்தில் அவர் கிரியோல் ஜோ பேண்ட் அமைத்து, அக்கார்டியன் எடுத்து, கிரியோல் மக்களின் நடன இசையான சைடகோ வாசித்ததுதான் பாட்டிக்குப் பெருமை. “அது எங்க அம்மா வீட்டுப் பாட்டு” என்றார்.

ஊரின் இன்னொரு பக்கம், ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. எழுபதைத் தாண்டிய ஒருவர் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாம்பிள் பெயரைக் கேட்டதும் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மேசையில் போட்டார். மார்வின் கேயின் 1973 ஆல்பம், ஜோனி மிட்செலின் 1974 ஆல்பம், ஸ்டீலி டானின் 1977 ஆல்பம். “அட்டையில யார் முகம் இருக்குன்னு எல்லாரும் பார்ப்பாங்க தம்பி. நான் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பேன்.” மூன்றிலும் பொடி எழுத்தில் ஜோ சாம்பிள் இருந்தார். அந்தப் பொடி எழுத்தைப் படித்து வந்தவர்கள்தான் அவருடைய ரசிகர்கள்.

சாம்பிள் ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின்சாரப் பியானோ வாசித்ததைப் பற்றி நாங்கள் வெகுநேரம் பேசினோம். கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று மெல்லிய எஃகுத் தண்டைத் தட்டும். அந்த அதிர்வு மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகும். மெதுவாகத் தொட்டால் மணி ஒலிக்கும், அழுத்தி அடித்தால் உறுமும். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை படிகள் உண்டு என்பதைச் சாம்பிளின் விரல்கள் காட்டும். வேகம் காட்டி மிரட்ட மாட்டார். ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பார்.

கடையிலிருந்த இளைஞர் ஒருவர் வேறு வழியில் அவரிடம் வந்தவர். 1995-இல் ராப் பாடகர் டூபாக் தன் தாயைப் பற்றிப் பாடிய பாட்டின் அடியில் ஓடுவது சாம்பிளின் 1978 ‘ரெயின்போ சீக்கர்’ ஆல்பத்து இசை. அம்மாவுக்காக அந்தப் பாட்டைக் கேட்டவர், அதற்கும் பின்னால் யார் என்று தேடிப் போயிருக்கிறார். க்ரூசேடர்ஸின் 1979 ஆல்பம் ‘ஸ்ட்ரீட் லைஃப்’தான் உச்சம் என்று பெரியவர் வாதாடினார். நானும் அந்த இளைஞரும் ‘ரெயின்போ சீக்கர்’ கட்சி.

பிறகு பெரியவரே பேச்சை மாற்றினார். ஹெண்டர்சன் 2014 ஏப்ரலில் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் சாம்பிள். மறு செப்டம்பரில் ஃபெல்டர். “பள்ளிக்கூடத்துப் பசங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கிளம்பிட்டாங்க” என்றவர், க்ரூசேடர்ஸ் தட்டு ஒன்றை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்.