கான்டிலீவர் நாட்கள்

ஜூன் 3
ஆய்வு வழிகாட்டி சார் மறுபடியும் அதையேதான் சொல்கிறார். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறு நுனி அந்தரத்தில் நிற்கும் கான்டிலீவரை விட்டுவிடு, இரு முனையும் தாங்கிகள்மேல் இருக்கிற எளிய தாங்கல் உத்திரத்தோடு ஆய்வேட்டை முடி. அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது. ஒரு புள்ளியின் தகைவைச் சுற்றியுள்ள புள்ளிகளும் தீர்மானிக்கும் என்பது எரிங்கனின் கோட்பாடு. அந்தப் பாதிப்பு எட்டும் தூரத்தைக் குறிக்கும் அளபுரு உத்திர நீளத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் முதல் அதிர்வெண் பழைய கோட்பாட்டைவிட 4.6 சதவீதம் குறைகிறது, மூன்றாவது 27 சதவீதம். வரைபடம் கண்ணுக்கு அழகு. மனம் ஒப்பவில்லை.

ஜூன் 4
டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த, அம்மாவின் ஃபிஸ்டுலாவில் விரல் வைத்துப் பார்த்தேன்; ரத்தம் ஓடினால் அதிரும். அதிர்வு இருக்கிறது.

ஜூன் 6
டயாலிசிஸ் நாள். விடியும் முன்பே தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோ. அம்மா உள்ளே, நான் வெளியே பெஞ்சில், மடியில் காகிதம். 1983-இல் எரிங்கன் தந்த வகைக்கெழு வடிவத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆளாளுக்கு நானோ உத்திரத்தை அதிரவைக்கிறார்கள். நுனியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உத்திரத்தை வளைக்கும் வளைவுத் திருப்புத்திறன் நீளவாக்கில் நேர்கோடு. அதன் இரண்டாம் வகைக்கெழு சுழியம்; எரிங்கனின் திருத்தம் தொங்குவதே அதில்தான். சிற்றளவு விளைவு, அதாவது உத்திரம் சிறிதாவதால் வரும் வேறுபாடு, அப்படியே காணாமல் போகிறது. 2003-லேயே பெடிசன் குழுவினர் இதைச் சொல்லிவிட்டார்கள். அதிரவிட்டால் இன்னும் மோசம். எளிய தாங்கலில் இளகுகிற அதே உத்திரம் இங்கே விறைக்கிறது. முதல் அதிர்வெண்ணைத் தரும் மூலம், பழைய கோட்பாட்டின் 1.875-ஐத் தாண்டி மேலே ஏறுகிறது. பிடிக்கிற இடம் மாறினால் பொருளின் குணமே தலைகீழாகுமா?

ஜூன் 7
இரவு முழுக்க மின்சாரம் இல்லை. அம்மா தூங்கவில்லை.

ஜூன் 8
வண்ணாரப்பேட்டைப் பெரியம்மா இளநீரோடு வந்துவிட்டார். பொட்டாசியம் ஏறும், கூடாது பெரியம்மா என்றேன். முகம் வாடிவிட்டது. அம்மா அந்த இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சமன்பாட்டைத் தொடவே இல்லை.

ஜூன் 9
பிடிபட்டுவிட்டது! எரிங்கனின் மூலத் தொகையீட்டு வடிவத்தை வகைக்கெழுவாக மாற்றும்போது, முடிவுள்ள உத்திரத்துக்கு இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நிபந்தனை கூடவே வருகிறது. அதை எல்லோரும் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதன்படி, கட்டற்ற நுனியில் திருப்புத்திறன் சுழியமென்றால் அதன் சரிவும் சுழியமாக வேண்டும். சரிவுதானே வெட்டுவிசை? அங்கே பாரம் தொங்குகிறதே! சமநிலையும் கோட்பாடும் ஒரே நுனியில் மோதிக்கொள்கின்றன. 2017-இல் ரோமானோவும் பர்ரெட்டாவும் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார்கள். வளைமையிலிருந்து திருப்புத்திறனைக் கணக்கிடாமல், திருப்புத்திறனிலிருந்து வளைமையைத் தொகையிட்டார்கள்; இதுதான் தகைவுவழி மாதிரி. படித்தது பழைய விஷயம்தான்; என் பேனாவில் வந்தபோதுதான் உறைத்தது.

ஜூன் 10
அதிர்வு இருக்கிறது. கொஞ்சம் மெலிதோ? இல்லை, இருக்கிறது.

ஜூன் 12
தகைவுவழி மாதிரியில் இரண்டு உத்திரங்களும் விறைக்கின்றன. முரண் இல்லை. லாம் குழுவினரின் 2003 எபாக்சி சோதனையும் அந்தப் பக்கமே நிற்கிறது: தடிமன் 115 மைக்ரானிலிருந்து 20-க்கு இறங்கியபோது தடிமன் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த வளைவு விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு. அது மைக்ரான் அளவு, நானோ அல்ல. அதை எழுதியே ஆக வேண்டும். ஆனாலும் கான்டிலீவரை வெட்டமாட்டேன். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியே கான்டிலீவரில்தானே இருக்கிறது? அதை ஒதுக்கிவிட்டு யாருக்காக இந்த ஆய்வேடு?

ஜூன் 13
நாளை சாரைப் பார்க்கிறேன். டயாலிசிஸ் முடிந்து அம்மாவை வீட்டில் விட்ட பிறகு. இரண்டாவது அதிர்வுவகையின் அட்டவணை இன்னும் பாக்கி.