டவுன் என்று எழுதியபின் இரண்டு வாரம்

வீட்டுக் கணினிகள் தொலைபேசி வழியே கடிதம் மாற்றிக்கொண்ட வலை ஃபிடோநெட். அதன் கணினிகளை, அதாவது முனைகளை, தொலைபேசி எண்ணோடு வரிவரியாகச் சொல்லும் பட்டியல் நோட்லிஸ்ட். அதன் விதி ஒன்று: ஒரு முனையின் வரிக்கு முன்னால் ‘டவுன்’ என்று போட்டால் அது இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குள் முனை திரும்பாவிட்டால் வரியையே எடுத்துவிட வேண்டும். பழைய சர்வர்களை மூடும் வேலையில் என்னோடு இருக்கும் இளைஞரிடம் இதை ஓர் உதாரணமாகத்தான் சொன்னேன். “வருஷக்கணக்கா ராத்திரி பகலா ஓட்டின ஆளுக்கு ரெண்டே வாரமா சார்?” என்றார். “அந்த நம்பர் அடுத்து யார் வீட்டுக்குப் போகும்னு யோசிங்க” என்றேன். பதிலில் தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்று பிறகு தோன்றியது. இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டாம் ஜென்னிங்ஸ் 1984-இல் தொடங்கிய ஃபிடோநெட்டில், தனித்தனி வீடுகளில் ஓடிய பிபிஎஸ் (மோடமில் அழைத்து நுழைந்து கடிதம் படிக்கவும் எழுதவும் உதவும் அறிவிப்புப் பலகை, சுருக்கமாக ‘போர்டு’) கணினிகள் இரவில் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொள்ளும். வட அமெரிக்காவுக்கு ஒதுக்கிய அஞ்சல் நேரம் உலக நேரப்படி 09:00 முதல் 10:00 வரை. குளிர்காலத்தில் அது நியூயார்க்கில் விடிகாலை 4 மணி, கலிபோர்னியாவில் நள்ளிரவு 1 மணி. அழைப்பது மனிதர் அல்ல, மெயிலர் நிரல். எதிர்முனை மோடம் பதில் சொல்லாவிட்டால் சற்று நேரம் கழித்து மறுபடி அழைக்கும். மூடிப்போன போர்டின் எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால், அந்த வீட்டில் அகால நேரத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் பேச்சில்லை.

‘ஹோல்ட்’ வேறு. முனை தற்காலிகமாக இல்லை, அதற்கு வரும் கடிதத்தை அதற்கு மேலுள்ள ஒருங்கிணைப்பாளர் பிடித்துவைப்பார் என்று பொருள். ‘டவுன்’ என்றால் எதையும் அனுப்பாதே. இரண்டு வாரம்கூடப் போதாது என்றே வாதாடலாம். பட்டியல் முழுதாக வாராவாரம் வராது. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் சிறு கோப்பாக வரும். அந்தக் கோப்பு சரியாக முந்தைய வாரத்துப் பட்டியலின் மேல்தான் பொருந்தும். ஒரு வாரம் தவறினால் சங்கிலி அறுந்துவிடும், தவறிய கோப்பையோ முழுப் பட்டியலையோ தேடி இறக்க வேண்டும். சோம்பல்பட்டவர்கள் பழைய பட்டியலை வைத்தே அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் ‘டவுன்’ என்ற வார்த்தையைப் போடும் இடத்துக்கு ஒரு சிஸாப், அதாவது போர்டை நடத்துபவர், எப்படி வந்து சேர்ந்தார்? இளைஞர் கேட்டது அதுவாக இருக்கலாம்.

சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரி 16 அன்று திறந்த சிபிபிஎஸ் என்ற போர்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். பின்னால் வந்த பெரும்பாலான வீட்டுப் போர்டுகளும் அப்படியே: ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. ஆளுக்கு 45 நிமிடம் என்று வைத்தால் ஒரு நாளின் 1440 நிமிடத்தில் 32 பேர். 300 பாட் மோடமில் விநாடிக்கு 30 எழுத்து. வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட திரை ஒன்று நிரம்ப 64 விநாடி. அதே திரை 2400-இல் 8 விநாடி.

இதை நடத்துவது சும்மா விட்டுவைக்கிற வேலையல்ல. மோடமில் ‘&சி1’, ‘&டி2’ என்ற அமைப்புகள் இரண்டும் இருக்க வேண்டும். முதலாவது, இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்பதைக் கணினிக்குக் காட்டும். இரண்டாவது, கணினி சொன்னதும் இணைப்பைத் துண்டிக்கும். முதலாவதை மறந்து ‘&சி0’ என்று விட்டால், ஆள் திடீரென்று போனை வைத்துவிட்டுப் போனதே போர்டுக்குத் தெரியாது; அடுத்து அழைப்பவர் முந்தையவரின் பெயரிலேயே உள்ளே வந்து நிற்பார். பிறகு 14,400 வேகம் வந்தபோது மோடமையும் கணினியையும் இணைக்கும் பழைய 8250 சீரியல் சிப் திணறியது. அதில் ஒரு பைட் இடம்தான். ஒரே நேரத்தில் பல நிரல் ஓட்டவிடும் டெஸ்க்வியூவில் இரண்டு நிரல் ஓடினால் எழுத்துகள் விழுந்துவிடும். 16 பைட் வரிசை கொண்ட 16550ஏ போட்டபின்தான் நிம்மதி. ஒவ்வொரு வேகத்துக்கும் புது மோடம், சிஸாப் கைக்காசு.

அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டு இணைப்புக்கு உள்ளூர் அழைப்பு தனிக் கட்டணம் இல்லாதது. எல்லை தாண்டினால் நிமிடக் கணக்கு. அதனால் ஒரு போர்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். சனிக்கிழமை நேரில் கூடிச் சாப்பிடலாம், சண்டை போட்டவரைக் கடைத்தெருவில் பார்க்கலாம். யாரும் திட்டமிட்ட அக்கம்பக்கமல்ல அது, கட்டணப் பட்டியல் போட்ட வேலி. அமெரிக்கா ஆன்லைன் 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு வரம்பில்லா இணைப்பு என்றதும் வேலிக்கு அர்த்தம் போயிற்று. அந்த விலையை அறிவித்தது ஒரே நிறுவனமல்ல. உள்ளூர் இணைய நிறுவனங்களும் ஏற்கெனவே அதே பக்கம் வந்துவிட்டிருந்தன. அவற்றில் சில பழைய போர்டுகளே. விஸ்கான்சினின் எக்ஸெக்-பிசி அப்படி மாறியது. மோடம் அடுக்கும், தொலைபேசி இணைப்புகளும், மாதச் சந்தா வாங்கும் பழக்கமும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தனவே.

“அப்போ இன்டர்நெட்டோட சேர்ந்திருக்கலாமே சார்?” என்று இளைஞர் அடுத்ததாகக் கேட்டார். சேர்ந்தார்கள். நோட்லிஸ்ட்டில் அதைப் படிக்கலாம். முதலில் ‘எம்ஓ’ என்ற கொடி, அதாவது வரியில் சேர்க்கும் குறி, பெருகியது: அஞ்சல் மட்டும், மனிதர் அழைக்க வேண்டாம். பிறகு ‘ஐபிஎன்’: கடிதம் இணையம் வழியே. தொலைபேசி எண் இருந்த இடத்தில் ‘வெளியிடப்படவில்லை’. முனை இருக்கிறது, கடிதமும் போகிறது, அக்கம்பக்கம் மட்டும் இல்லை. இணையம் வழியே வேறொரு கணினிக்குள் நுழையும் டெல்நெட்டில் இன்றைக்கும் போர்டுகளுக்குள் நுழையலாம். எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே சேர்ந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்றேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அழைப்புகள் குறைந்ததும் இணைப்புச் செலவு மட்டும் அப்படியே நின்றது. நாளுக்கு 32 பேர் வந்த இடத்தில் 3 பேர் வந்தாலும் மாதக் கட்டணம் ஒன்றுதான். அந்த 3 பேர் யார், அவர்களிடம் சொல்லிக்கொண்டா மூடினார்கள் என்பது பட்டியலில் இல்லை. உள்ளே நுழைந்ததும் தெரியும் அறிவிப்புத் திரையில் எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். அழைத்தால்தானே அதைப் பார்க்க முடியும்?

பேச்சைப் பாதுகாக்க அந்தப் போர்டுகள் கட்டப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டு சிறியது. ஒரு பகுதிக்குக் கடைசி 200 கடிதம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதை இரவு பராமரிப்பில் அழிப்பது வழக்கம். விதி கொடுத்தது இரண்டு வாரம் என்று வருத்தப்படும்போது இதையும் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது: சூடான பகுதியில் 200 கடிதம் சேர இரண்டு வாரம்கூட ஆகாது.