கையொப்பமிடாத படிவம்

2023 நவம்பர் 5, ஞாயிறு

மூன்று வாரங்களுக்குப் பிறகு இன்று, விசா இல்லாத வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் தடுப்பு முகாமுக்குப் போய்வந்தேன். பார்வையிடுவதற்கான அனுமதியைப் பல நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் பெற வேண்டும். வாசலில் கைப்பேசியையும் பணப்பையையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, மணிக்கட்டில் காகிதப் பட்டையைக் கட்டிக்கொண்டு, போதைப்பொருள் சோதனைக்குக் கையை நீட்டிய பிறகுதான் சந்திப்புக் கூடத்தின் கதவு திறக்கும். வீட்டில் சமைத்த எதுவும் உள்ளே போகாது என்பதால், உறை பிரிக்காத பிஸ்கட் பொதி ஒன்றைத்தான் கொண்டுபோயிருந்தேன்.

நான் பார்க்கப்போகும் தம்பியின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதமாட்டேன். மனைவியையும் பிறந்து மூன்று மாதமே ஆன மகளையும் இலங்கையில் விட்டுவிட்டு, 2012 இறுதியில் படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தவர் என்ற அளவு போதும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 முதல் படகில் வந்தவர்களுக்கென்று 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அது வகுத்த நடைமுறைக்கு விரைவு நடைமுறை என்று பெயர். ஆனால் இவரை அடைக்கல விசாவுக்கு விண்ணப்பிக்க விடுவதற்கே நான்கு ஆண்டுகள் சென்றன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு அதை மறுபரிசீலனை செய்தவர்கள் அவரை நேரில் அழைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஏனெனில் கோப்பிலுள்ள தாள்களைப் பார்த்தே முடிவெடுக்கும்படிதான் சட்டம் வகுத்திருந்தது. முதல் நேர்காணலில் பயத்தினால் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பின்னர் சொல்ல முயன்றால், அசாதாரணமான காரணம் இருந்தாலன்றி அதை ஏற்கமாட்டார்கள். மேலே நீதிமன்றத்துக்குப் போனாலும், முடிவெடுத்ததில் சட்டப் பிழை உண்டா என்றுதான் பார்ப்பார்கள். அவர் சொன்னது உண்மையா என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. 2021 தொடக்கத்தில் அவருடைய இடைக்கால விசா காலாவதியானது. அன்றிலிருந்து உள்ளே இருக்கிறார்.

இன்று அவர் ஒரு படிவத்தைக் காட்டினார். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்து வெளுத்திருந்தது. இலங்கைக்குத் திருப்பி அனுப்பத் தேவையான பயண ஆவணத்தைப் பெறுவதற்கான அந்தப் படிவத்தில் பெயரும் பிறந்த தேதியும் தட்டச்சாகவே வந்திருந்தன. கையொப்பத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. "உதில கையெழுத்து வைச்சா, நானே போக விரும்பினன் எண்டு ஆகிடும் அக்கா" என்றார். பிறகு அதை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாளை மறுநாள், இந்த நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றத்தில், காலவரையற்ற தடுப்பு பற்றிய ஒரு வழக்கு விசாரணைக்கு வருகிறது. முகாமில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

2023 நவம்பர் 8, புதன்

பிற்பகலில் தீர்ப்புச் செய்தி வந்தபோது வேலையிடத்தில் இருந்தேன். கண் நிறைந்துவிட்டதால் வெளியே எழுந்து போய்விட்டேன்.

விசா இல்லாமல் படகில் வந்த வெளிநாட்டவரைப் பிடித்து அடைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1992-இல் வந்தது. தொடக்கத்தில் 273 நாட்கள் என்றொரு வரம்பாவது இருந்தது; 1994-இல் அதையும் நீக்கி, விசா இல்லாத எல்லா வெளிநாட்டவருக்கும் சட்டத்தை விரித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒருவர் வெளியே வர விசா கிடைக்க வேண்டும், அல்லது நாட்டைவிட்டு அனுப்பப்பட வேண்டும். இது தண்டனை இல்லை, வெறும் நிர்வாக நடவடிக்கை என்று சட்டம் கருதுவதால், தண்டனைக்காலம் என்று ஒன்று கிடையாது, பிணையும் கிடையாது. திருடியவனுக்குக்கூட என்றைக்கு வெளியே வருவோம் என்று தெரியும். இன்னும் சொன்னால், 2009-இல் சட்டம் மாறும்வரை, அடைத்துவைத்த ஒவ்வொரு நாளுக்குமான செலவை அடைபட்டவரின் பெயரிலேயே கடனாக எழுதிவந்தார்கள்.

2004-இல் அல்-காதெப் என்ற நாடற்ற பாலஸ்தீனியரின் வழக்கு வந்தது. தன்னைத் திருப்பி அனுப்பிவிடும்படி அவரே எழுதிக்கொடுத்திருந்தும், ஏற்றுக்கொள்ள எந்த நாடும் இல்லை. அப்படிப்பட்டவரையும் காலவரையின்றி அடைத்துவைக்கலாம் என்று ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் அந்தத் தீர்ப்பே நின்றது. இன்று, மியான்மரில் பிறந்து 2012-இல் படகில் வந்த ரோஹிங்கியர் ஒருவரின் வழக்கில் அது கவிழ்ந்தது. கண்ணுக்கெட்டிய காலத்தில் நாடுகடத்த வழியே இல்லாத ஒருவரை அடைத்துவைப்பது தண்டனையாகிவிடுகிறது, தண்டிப்பது நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது என்ற வாதம் வென்றிருக்கிறது. தலைமை நீதிபதி ஸ்டீபன் கேகலர் முடிவை மட்டும் அறிவித்து, காரணங்கள் பின்னர் வரும் என்றிருக்கிறார்.

அந்த ரோஹிங்கியர் ஒரு குழந்தைக்குக் கொடிய தீங்கு செய்து சிறை சென்றவர். இதை மறைத்துவிட்டு இந்தத் தீர்ப்பைக் கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதற்கான தண்டனையை நீதிமன்றம் விதித்தது, அவர் அதை அனுபவித்தார். அதற்குப் பிறகு நடந்ததற்கு எந்த நீதிபதியும் கையெழுத்திடவில்லை.

2023 நவம்பர் 12, ஞாயிறு

தம்பி என்னை உட்காரவும் விடவில்லை. "எனக்கும் பொருந்துமோ அக்கா?" என்று கேட்டார்.

நேற்றிரவு அவருடைய வழக்கறிஞரிடம் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசியிருந்தேன். அதனால் பதில் தெரியும், சொல்லத்தான் நா எழவில்லை. பொருந்தாது. அனுப்ப ஒரு நாடு இல்லாதவருக்கே இந்தத் தீர்ப்பு. இவர் இலங்கைக் குடிமகன். இலங்கை இவரை ஏற்றுக்கொள்ளும். போய் இறங்கியவுடன், அனுமதியின்றிப் படகில் நாட்டைவிட்டுப் போனதற்காகக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவதற்காகவாவது ஏற்றுக்கொள்ளும். அவரை அனுப்ப முடியுமா என்று சட்டம் கேட்கிறது. அனுப்பினால் அவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியோ, பல ஆண்டுகளுக்கு முன், யாரோ ஓர் அலுவலர் தாள்களைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதி முடித்துவிட்ட கேள்வி. அதை மறுபடி திறக்க யாருக்கும் கடமை இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பிஸ்கட் உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார். அவருடைய அறைத்தோழர் நாடற்றவராம்; வெள்ளிக்கிழமை மாலை அவரை அழைத்துச் சாமான்களைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு ஆண்டுகள் உள்ளே இருந்தவர், இரண்டு பிளாஸ்டிக் பைகளுடன் போனாராம். "எனக்கு உண்மையா சந்தோசம் அக்கா. அவன் போனதுக்குப் பிறகுதான் அந்த அறை எவ்வளவு பெரிசு எண்டு தெரிஞ்சது" என்றார்.

நாடில்லாததால் ஒருவர் வெளியே போகிறார்; நாடு இருப்பதால் இன்னொருவர் உள்ளே இருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் இது மனத்தை அறுத்தது. நாடற்றவரின் விடுதலையில் எனக்குக் கடுகளவும் மனக்குறை இல்லை. அந்த ஒரு கேள்வியோடு மற்றக் கேள்வியையும் யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.

2023 நவம்பர் 16, வியாழன்

விடுவிக்கப்பட்டவர்களுக்காக இன்று ஒரே நாளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவசர அவசரமாகச் சட்டம் நிறைவேற்றிவிட்டன. காலில் கண்காணிப்புக் கருவி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வீட்டைவிட்டு வெளியேறத் தடை, மீறினால் சிறை. விண்ணப்பிக்க அனுமதி தருவதற்கு நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட அதே நாட்டுக்கு இதற்கு ஒரு பகல் போதுமானதாக இருந்திருக்கிறது.

2024 மார்ச் 27, புதன்

நேற்று இன்னொரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். நாடுகடத்தலுக்கு ஒத்துழைக்கும்படி, அதாவது பயண ஆவணத்துக்கான படிவத்தை நிரப்பிக் கையொப்பமிடும்படி, அமைச்சர் கட்டளையிடலாம். மறுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. இன்று செனட் அதை அப்படியே நிறைவேற்றாமல் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பியிருப்பதால் சற்று மூச்சு விட முடிகிறது.

மாலையில் தம்பி அழைத்தார். மசோதாவைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. படிவம் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

2024 மே 10, வெள்ளி

ஈரானியர் ஒருவரின் வழக்கில் இன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈரானுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, பயண ஆவணம் பெற ஒத்துழைக்க மறுத்தவர் அவர். விருப்பமில்லாதவரை ஈரான் ஏற்பதில்லை என்பதால் அவரையும் அனுப்ப முடியாது, ஆகவே நவம்பர்த் தீர்ப்பு அவருக்கும் பொருந்தும் என்று வாதிட்டார்கள். நீதிபதிகள் ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். ஒருவர் தாமே முடிவெடுத்து ஒத்துழைக்காமல் இருந்தால், அவருடைய தடுப்பு தொடரலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பை இரண்டு முறை படித்தேன். சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயந்துபோன ஒருவர் கையெழுத்திட மறுப்பதை அவருடைய சொந்த விருப்பத் தேர்வாகக் கணக்கிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆறாவதாகச் சேர்ந்து, 1954-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடே ஆஸ்திரேலியாதான். அனுமதியின்றி நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்று அந்த ஒப்பந்தத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த நாட்டின் கையொப்பம் அதில் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது.

2024 மே 12, ஞாயிறு

தீர்ப்பைப் பற்றி இன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. எஞ்சியிருப்பது அமைச்சரின் தனி அதிகாரம் மட்டுமே: பொதுநலன் கருதி, தடுப்பில் உள்ள எவருக்கும் அவர் விசா வழங்கலாம். ஆனால் அப்படியொரு கோரிக்கையைப் பரிசீலிக்கும் கடமைகூட அவருக்கு இல்லையென்று சட்டமே சொல்லிவைத்திருக்கிறது. இரண்டு முறை எழுதிவிட்டோம். மூன்றாவது கடிதத்தை இன்று சந்திப்புக் கூடத்தில் உட்கார்ந்து, பழைய கடிதத்தின் நகல்மீதே திருத்தினோம். பென்சிலை அவர்தான் பிடித்திருந்தார்.

தடுப்பில் இருந்த ஆண்டுகளை மாற்றினார். ஈரலிப்பு ஏறி இரவில் இழுக்கும் நெஞ்சைப் பற்றி மருத்துவர் எழுதியதைச் சேர்த்தார். மகளைப் பற்றிய வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. முதல் கடிதத்தில் அவளுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருந்தோம், இரண்டாவதில் பத்து. பதினொன்று என்று எழுதச் சொன்னேன்.

சற்று யோசித்தார். "நாங்கள் அனுப்பி, அவை பதில் போடுறதுக்குள்ள ஆவணி வந்திடும். பன்னிரண்டு எண்டே போடுவம் அக்கா" என்று சொல்லி, பத்தை அடித்துவிட்டு எழுதினார்.