சினைப்பையை இரண்டு முறை பார்க்க வேண்டும்

ஜப்பானின் ககோஷிமா, மியாசாக்கி பகுதிகளில் கருப்பு வாக்யு பசுக்களைக் கன்றுக்காகவே வளர்க்கிறார்கள். ஒன்பது மாதக் கன்றை ஏலத்தில் விற்பதுதான் வருமானம். சினைக்காலம் ஏறக்குறைய 285 நாள் என்பதால், ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். ஒரு பருவம், அதாவது மாடு சினை பிடிக்கத் தயாராகும் நாள், தவறினால் 21 நாள் போச்சு.

பருவத்துக்கே வராத மாடு என்றால், முதலில் அது சினையா என்று பாருங்கள். பருவத்தை வரவைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைச் சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். அடுத்து கருப்பை. அதில் சீழ் தேங்கியிருந்தால் கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, அடுத்த பருவத்தைத் தடுத்து வைக்கும் திசு) கரையாமல் நிற்கும். முட்டை உருவாகும் சினைப்பை மேல் பழி போடக் கூடாது.

மலக்குடல் வழியே கைவிட்டுப் பார்த்தால், ஓய்ந்த, அதாவது வேலை செய்யாத, சினைப்பை மொச்சைக் கொட்டைபோலச் சிறுத்து, தட்டையாக, வழவழப்பாகக் கைக்குத் தட்டுப்படும். கார்பஸ் லூட்டியம் உள்ளது ஒரு பக்கம் புடைத்து, முனையில் சின்னக் குமிழோடு, ஈரல்போல் கெட்டியாக இருக்கும். அப்படி இருந்தால் மாடு சுழற்சியில்தான் இருக்கிறது. பருவத்தைக் கவனிக்கவில்லை, அல்லது அது வெளியே அறிகுறி காட்டாத ஊமைப் பருவம். ஆனால் பருவம் முடிந்த இரண்டு மூன்று நாளில் கார்பஸ் லூட்டியம் கைக்குப் பிடிபடாது. அன்று பார்த்து 'ஓய்ந்த சினைப்பை' என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பத்து நாள் கழித்து மறுபடி பார்க்காமல் அப்படி எழுத எனக்கு மனம் வராது.

25 மில்லிமீட்டருக்கு மேல் நீர் கோத்த பை, பத்து நாளாகியும் மாறாமல், கார்பஸ் லூட்டியமும் இல்லாமல் இருந்தால் நீர்க்கட்டி. அது எவ்வகை என்று கை சொல்லாது. ஸ்கேனில் சுவர் 3 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) கட்டி. அதைவிடத் தடித்திருந்தால் லூட்டியல் கட்டி, அதாவது சுவரில் கார்பஸ் லூட்டியம் போன்ற திசு படிந்தது. சந்தேகம் வந்தால் இரத்தத்தில் அந்தத் திசு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பார்ப்பது நல்லது: மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம், அதற்கு மேல் என்றால் லூட்டியல். நடுவில் நீர் உள்ள கார்பஸ் லூட்டியம் நோயே அல்ல. முட்டை வெளியேறிய பின் உருவானது அது. எதையும் கையால் பிதுக்கி உடைக்கவே கூடாது, சினைப்பை சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஃபாலிக்கிள் கட்டிக்கு ஜிஎன்ஆர்ஹெச் (முட்டை வெளியேறத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டு, ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின். லூட்டியல் கட்டிக்கு நேராகப் புரோஸ்டாகிளாண்டின். இரண்டு முதல் ஐந்து நாளில் பருவம் வரும். புதிதாக உருவான, ஐந்து நாளுக்கு உட்பட்ட கார்பஸ் லூட்டியம் அந்த ஊசிக்கு மசியாது.

ஓய்ந்த சினைப்பைக்கு ஊசியைவிடத் தீனிதான் முக்கியம். இளைத்த தாயிடம் கன்று ஓயாமல் பால் குடித்தால், முட்டையை முதிரவைத்து வெளியேற்றும் எல்ஹெச் ஹார்மோனின் துடிப்பு அடங்கிவிடும். கன்றைப் பிரித்து, தாயின் உடலைத் தேற்றி, அதன் பிறகே பிறப்புறுப்பில் புரோஜெஸ்டிரோன் சாதனத்தை ஏழு நாள் வையுங்கள்.